கீல் தயாரிப்பு: ஸ்டேஜ் டூலா, புரோகிரசிவ் டையா, இரண்டும் கலந்ததா?

கதவுக் கீல் தயாரிக்க இறங்கும் சிறு பட்டறைக்கு முதல் பெரிய செலவு டூலிங், அதாவது பிரஸ்ஸில் தகட்டை வெட்டி வளைக்கும் அச்சுகள். எந்த டூல் என்பதைத் தவறாக முடிவு செய்தால், பிரஸ், ஆட்கள், வாங்கும் காயிலின் (சுற்றி வரும் நீளத் தகட்டின்) அகலம் எல்லாமே அந்தத் தவறையொட்டி அமைந்துவிடும். பிறகு மாற்றுவது கடினம். டூல்ரூமில் (டூல் செய்து தரும் இடத்தில்) விசாரித்தால் பெரும்பாலும் இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, வேலைக்கு ஒரு டூல் என்று தனித்தனியாகச் செய்யும் ஸ்டேஜ் டூல். இன்னொன்று, காயிலை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் முடிந்த லீஃப் (கீலின் ஒரு பக்கத் தகடு) விழும் புரோகிரசிவ் டை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு: தட்டையாக இருக்கும்வரை புரோகிரசிவில் ஓட்டி, சுருட்டும் வேலையை மட்டும் தனி பிரஸ்ஸில் செய்வது. மூன்றையும் ஒரே கீலை வைத்து ஒப்பிட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

எடுத்துக்கொள்ளும் கீல் கடையில் 4 இன்ச், 14 கேஜ் என்று கேட்கும் சாதாரண பட் கீல். நீளம் 100 மி.மீ., விரித்தால் அகலம் 75 மி.மீ., தகட்டின் கனம் 2 மி.மீ., நடுவே செருகும் பின் (கம்பி) 5 மி.மீ., லீஃபுக்கு 4 துளை. பின் நுழையும் சுருள், அதாவது நக்கிள், மொத்தம் 5. ஒரு லீஃபில் 3, மற்றதில் 2.

முதலில் சுருளுக்கு எவ்வளவு தகடு போகிறது என்று பார்த்துவிடலாம். பின் தாராளமாகச் சுழல துளை 5.15 மி.மீ. வேண்டும். இரு பக்கமும் 2 மி.மீ. சேர்த்தால் நக்கிளின் வெளி விட்டம் 9.15. தகட்டின் நடுக்கோட்டில் விட்டம் 7.15, அதன் சுற்றளவு 22.5 மி.மீ. சுருள் முழு வட்டமாக மூடுவதில்லை என்பதால் 20 மி.மீ. கணக்கில் எடுக்கலாம். கீலின் மையத்திலிருந்து லீஃபின் ஓரம்வரை 37.5. ஆக, சுருட்டுவதற்கு முன் லீஃபின் அகலம் 57.5 மி.மீ. இந்த எண்ணைக் காகிதத்தில் மட்டும் நம்பி பிளாங்கிங் டூலை (லீஃபின் வடிவத்தை வெட்டும் டூல்) வெட்டக் கூடாது. கர்லிங் டூலை (சுருட்டும் டூல்) முதலில் செய்ய வேண்டும். வயர்கட்டிலோ லேசரிலோ 57.0, 57.5, 58.0 என்று மாதிரித் துண்டுகள் வெட்டி, நீங்கள் ஓட்டப்போகும் அதே தகட்டில் சுருட்டிப் பார்த்து, எது சரியாக மூடுகிறதோ அந்த அளவில் பிளாங்கிங் டூல் செய்ய வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்யும் டூல்ரூம்கள் நிறைய. அரை மில்லிமீட்டர் கூடினால் நுனி உள்ளே மடிந்து துளையை அடைக்கும். குறைந்தால் சுருள் வாய் பிளந்து நிற்கும்.

ஸ்டேஜ் டூலில் ஒரு லீஃப் ஆறு முறை பிரஸ்ஸுக்குக் கீழே போய் வரும். பிளாங்கிங், திருகுத் துளை, கவுண்டர்சிங்க் (திருகுத் தலை உட்காரும் கூம்புக் குழி), நுனி வளைவு, கர்லிங், கடைசியாக உள்ளே மாண்ட்ரல் (அளவுக் கம்பி) விட்டு அளவுக்குக் கொண்டுவரும் ஒரு அடி. நுனி வளைவு சின்ன வேலை போலத் தெரியும், ஆனால் அதை விட்டுவிட்டு நேராகக் கர்லிங்குக்குப் போனால் தகட்டின் முதல் 2, 3 மி.மீ. வளையாமல் நேராகவே நிற்கும். நக்கிள் முட்டை வடிவத்தில் வரும், பின் ஒரு பக்கம் மட்டும் தொட்டு உரசும்.

பிளாங்கிங்குக்கு எத்தனை டன் பிரஸ்? 3 நக்கிள் லீஃபின் வெட்டுச் சுற்றளவு, நாட்ச்களையும் (நக்கிள்களுக்கு நடுவே வெட்டி எடுக்கும் இடைவெளிகள்) சேர்த்து, சுமார் 415 மி.மீ. எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) தகட்டின் வெட்டு வலிமையைச் சதுர மில்லிமீட்டருக்கு 320 நியூட்டன் என்று வைத்தால் 27 டன் வரும். எஸ்எஸ் 304 என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு 500 என்று வைத்தால் 42 டன். வெட்டும் பஞ்சிலிருந்து தகட்டைக் கழற்றும் விசையைச் சேர்த்து, பிரஸ்ஸின் திறனில் முக்கால் பங்குக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்ற வழக்கத்தையும் வைத்தால் எம்எஸ்ஸுக்கு 50 டன், எஸ்எஸ்ஸுக்கு 75 டன் பிரஸ் தேவை. 50 டன்னில் எஸ்எஸ்ஸும் ஓடும் என்று யாராவது சொன்னால், ஓடும். ஆனால் சி டைப் (முன்பக்கம் திறந்த) பிரஸ்ஸின் வாய் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் திறக்கும், பஞ்சும் டையும் நேர்க்கோட்டிலிருந்து விலகும், ஒரு பக்கம் மட்டும் பர் (வெட்டு ஓரத்துப் பிசிறு) தடிமனாக வர ஆரம்பிக்கும். பஞ்சுக்கும் டைக்கும் இடையிலான இடைவெளியும் இரண்டுக்கும் ஒன்றல்ல. 2 மி.மீ. எம்எஸ்ஸுக்குப் பக்கத்துக்கு 0.10 முதல் 0.12 போதும்; எஸ்எஸ்ஸுக்கு 0.14 முதல் 0.16 விட வேண்டும். ஒரே டையில் இரண்டையும் ஓட்டுவது இரண்டையும் அரைகுறையாகச் செய்வதுதான்.

ஆயிரம் கீல் என்றால் 2,000 லீஃப், 12,000 அடி. கையால் வைத்து எடுக்கும் பிரஸ்ஸில் மணிக்கு 600 நல்ல துண்டு வந்தால், 20 பிரஸ் மணி நேரம். இதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. ஆயிரம் கீலுக்கு ஒரு தொழிலாளியின் விரல்கள் 12,000 முறை ராமுக்கு (பிரஸ்ஸில் மேலும் கீழும் இயங்கும் பகுதிக்கு) கீழே போய் வருகின்றன. பழைய கீ கிளட்ச் பிரஸ் ஒருமுறை இறங்கத் தொடங்கினால் பாதியில் நிற்காது. அதனால் அதில் லைட் கர்ட்டன் (கை குறுக்கிட்டால் பிரஸ்ஸை நிறுத்தும் ஒளித்திரை) மாட்டினாலும் பயனில்லை. கிளட்சின் சாவி தேய்ந்தாலோ ஸ்பிரிங் உடைந்தாலோ பெடலைத் தொடாமலே இரண்டாவது அடி விழும். ஸ்டேஜ் டூல்தான் என்று முடிவெடுத்தால் நியூமேட்டிக் கிளட்ச் (காற்றழுத்தத்தில் இயங்கும், பாதியில் நிறுத்தக்கூடியது), இரு கை பட்டன், டூலைச் சுற்றி விரல் நுழையாத கார்டு ஆகிய மூன்றையும் டூல் விலையோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டும். இதைச் சேர்க்காத மலிவு, தொழிலாளியின் கையிலிருந்து எடுக்கும் மலிவு. அப்படி ஒரு கீலைச் செய்யாமலே இருக்கலாம்.

ஸ்டேஜ் டூலின் உண்மையான பலம் வேறு. 3 இன்ச், 4 இன்ச், 5 இன்ச், இரண்டு மூன்று கனம் என்று பல ரகத்தில் மாதம் சில ஆயிரம் மட்டும் செய்பவருக்கு இதை விட்டால் வழியில்லை. நுனி வளைவு, கர்லிங் டூல்களின் பிளாக்கைக் கொஞ்சம் நீளமாகச் செய்துவிட்டால் ஒரே கனத்தில் உள்ள எல்லா நீளத்துக்கும் அதுவே போதும். ஒரு பஞ்ச் உடைந்தால் அந்த ஒரு டூல் மட்டும் நிற்கும்.

புரோகிரசிவ் டையின் கணக்கு நேர் எதிர். நிமிடத்துக்கு 40 அடி, அடிக்கு ஒரு ஜோடி, காயில் மாற்றவும் நிறுத்தங்களுக்கும் கால் பங்கு கழித்தால் மணிக்கு 1,800 ஜோடி. ஆயிரம் கீல் சுமார் 33 நிமிடத்தில் முடியும், ஒரு கையும் டைக்குள் போகாமல். இந்த வேகத்தைப் பார்த்தே பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதற்கு முன் ஸ்ட்ரிப் லேஅவுட் (தகட்டில் லீஃப்கள் எப்படி அமைகின்றன என்ற) வரைபடத்தை மேசையில் விரித்து இரண்டு விஷயங்களைக் கேட்க வேண்டும்.

முதலாவது, தகடு உருட்டப்பட்ட திசை. புரோகிரசிவில் சுருட்ட வேண்டுமானால் நக்கிள் விரல்களைச் சுற்றி வெற்றிடம் வேண்டும். அதனால் பெரும்பாலான வடிவமைப்புகளில் இரு லீஃபும் முதுகோடு முதுகாக நடுவில் நிற்க, நக்கிள்கள் ஸ்ட்ரிப்பின் இரு ஓரங்களிலும் வரும். அப்போது பின்னின் அச்சு காயிலின் நீளத்தோடு ஒரே திசையில் இருக்கும். உருட்டிய திசைக்கு இணையாக வளைப்பதுதான் தகடு எளிதில் வெடிக்கும் வளைவு. உள் ஆரம் 2.5, கனம் 2. நல்ல டிராயிங் தரத் தகடு இதைத் தாங்கும். சாதாரணத் தரத் தகட்டிலும், கொஞ்சம் கடினமான எஸ்எஸ்ஸிலும், பித்தளையிலும் நக்கிளின் வெளிப்பக்கம் மயிரிழைக் கீறல்கள் வரும். முலாம் பூசிய பிறகு அவை கண்ணுக்குத் தெரியாது. கதவு மாட்டிய பிறகு அதே இடத்தில் துரு கோடு கோடாக வெளிவரும்.

இரண்டாவது, கனத்தின் ஏற்ற இறக்கம். கர்லிங் டையின் குழிவு பிடித்து வைத்திருப்பது நக்கிளின் வெளி விட்டத்தைத்தான். உள்ளே மிஞ்சுவதுதான் பின்னின் துளை. ஆகவே தகடு 0.1 மி.மீ. தடித்தால் துளை 0.2 மி.மீ. சிறுக்கும். மேலே கொடுத்த 0.15 மி.மீ. தாராளம் அங்கேயே போய்விடும், பின் நுழையாது. மெலிந்தால் அதே அளவு தளரும். காயிலுக்குக் காயில் 0.1 மி.மீ. வேறுபாடு வருவது சாதாரணம். ஒரே காயிலின் நடுவுக்கும் ஓரத்துக்குமே கொஞ்சம் மாறும். ஸ்டேஜ் டூலில் செட்டர் கர்லிங் பிரஸ்ஸை மட்டும் நிறுத்தி ராமை இம்மியளவு ஏற்றி இறக்கிச் சரிசெய்வார். புரோகிரசிவில் ஒரே ராமில் பத்துப் பன்னிரண்டு ஸ்டேஷன்கள் (வேலைக்கு ஒன்றான நிலைகள்) தொங்குகின்றன. கர்லிங்குக்காக ராமை இறக்கினால் கவுண்டர்சிங்க் ஆழமாகிவிடும். அந்த ஸ்டேஷனுக்குத் தனியாக ஆப்பு வைத்து உயரம் மாற்றும் ஏற்பாடு டையிலேயே இருக்க வேண்டும். கொட்டேஷனில் அது இல்லையென்றால் மலிவாகத்தான் தெரியும். ஓட்டும்போது ஒவ்வொரு புதுக் காயிலுக்கும் லைன் நின்று டை மேசைக்குப் போகும்.

எஸ்எஸ்ஸில் இன்னொரு தொல்லை சேரும். சுருட்டிய பின் அது எம்எஸ்ஸை விட அதிகமாகத் திரும்பி விரியும். குழிவின் பரப்பில் ஒட்டி இழுத்து வரிக்கோடுகளும் போடும். கர்லிங் பிளாக்கை டி2 எஃகில் செய்து கடினப்படுத்தினால் மட்டும் போதாது. கண்ணாடி போல மெருகேற்றி, டைட்டானியம் வகைக் கோட்டிங் போட்டு, எஸ்எஸ்ஸுக்கென்று உள்ள பிரஸ் எண்ணெய் கொடுக்க வேண்டும். தனி கர்லிங் டூலில் தேய்ந்த பிளாக்கைச் சீக்கிரம் கழற்றி மாற்றலாம். புரோகிரசிவில் அதே வேலைக்கு டையையே இறக்க வேண்டும்.

இப்போது நடு வழிக்கு வரலாம். சுருட்டும் வேலையை டையிலிருந்து வெளியே எடுத்துவிட்டால் இரு லீஃபையும் எதிரெதிராக, விரலோடு விரல் கோர்த்தபடி ஸ்ட்ரிப்பில் வைக்க முடிகிறது. ஒரு லீஃபின் நாட்ச்தான் மற்றதன் நக்கிள். விரலின் நீளம் 25 மி.மீ.: சுருளுக்கு 20, எதிர் நக்கிள் இடிக்காமல் சுழல 5. தனித்தனியாக வெட்டினால் ஜோடிக்கு 115 மி.மீ. நீளத் தகடு போகும். கோர்த்து வெட்டினால் 90 மி.மீ. போதும். 100 மி.மீ. அகலம், 2 மி.மீ. கனத்தில் அந்த 25 மி.மீ. சுமார் 40 கிராம். ஒரு கீலுக்குப் போகும் 180 கிராம் தகட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். லட்சம் கீலுக்கு 4 டன். பின்னின் அச்சும் காயிலுக்குக் குறுக்காக வந்துவிடுகிறது. வளைவு உருட்டிய திசையின் குறுக்கே விழுவதால் கீறல் பயம் பெருமளவு குறைகிறது. காயிலை 100 மி.மீ. அகலத்துக்கு ஸ்லிட் செய்து (நீளவாக்கில் வெட்டி) வாங்கினால் பக்க ஓரங்களில் கழிவே இல்லை. திருகுத் துளைகளையே பைலட் துளைகளாக (தகட்டைச் சரியான இடத்தில் நிறுத்தும் துளைகளாக) பயன்படுத்தலாம்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு, அதைத் தெரியாமல் இறங்கியவர்கள் திணறியிருக்கிறார்கள். கோர்த்து வெட்டும்போது விரலின் அகலமும் அது கழன்று வந்த இடத்தின் அகலமும் ஒன்றே. அப்படியே சுருட்டிப் பின் போட்டால் கீல் இறுகி நிற்கும், சுழலாது. இடையில் மெல்லிய பட்டை போல வெட்டி எடுக்கலாம் என்றால், 2 மி.மீ. தகட்டில் 3 மி.மீ.க்கு மெலிந்த பஞ்ச் நிற்காது, 3 மி.மீ. சந்து விட்ட கீலை யாரும் வாங்க மாட்டார்கள். தீர்வு ஷேவிங். 3 நக்கிள் லீஃபில் உள்ள 4 உள் முகங்களையும் முகத்துக்கு 0.2 மி.மீ. சீவி எடுத்தால் போதும். 5 நக்கிளுக்கு நடுவே இருப்பது 4 சந்துதான். அந்த நான்கும் இந்த ஒரு லீஃபிலேயே சரியாகிவிடும். மற்ற லீஃபைத் தொடத் தேவையில்லை.

இதனால் இன்னொரு பிரச்சினையும் தீர்கிறது. கோர்த்து வெட்டும்போது ஒரு லீஃப் கீழே தள்ளப்படும், மற்றது மேலே நிற்கும். ஆகவே பர் ஒன்றில் மேல் பக்கமும் மற்றதில் கீழ்ப் பக்கமும் இருக்கும். பர் சுருளின் உட்பக்கம் போனால் தொல்லையில்லை. வெளிப்பக்கம் வந்தால் தகடு இழுபடும் இடத்தில் அதுவே கீறலுக்குத் தொடக்கமாகும். கவுண்டர்சிங்க் உள்ள முகமே சுருளின் உட்பக்கம் என்பதால் லீஃபைத் திருப்பிப் போட்டுத் தப்பிக்கவும் முடியாது. டை வடிவமைக்கும்போதே, பர் தவறான பக்கம் விழும் லீஃப் 3 நக்கிள் லீஃபாக இருக்கட்டும் என்று சொல்லிவிட வேண்டும். ஷேவிங்கில் அந்த பரும் போய்விடும். 2 நக்கிள் லீஃபுக்கு பர் தானாகவே உட்பக்கம் அமையும்.

சீவிய முகத்துக்கு ஒரு கூடுதல் பயன் உண்டு. கதவின் எடையைத் தாங்குவது பின் அல்ல, ஒன்றன் மேல் ஒன்று உட்காரும் நக்கிள் முகங்கள். பிரஸ்ஸில் வெட்டிய முகத்தில் மேலே மூன்றில் ஒரு பங்குதான் வழவழப்பாகவும் செங்குத்தாகவும் இருக்கும். மீதி கிழிந்து சரிவாக இருக்கும். அதனால் எடை முழுவதும் ஒரு மெல்லிய விளிம்பில் இறங்கி, அது தேய்ந்து, சில மாதங்களில் கீலுக்குக் கீழே கறுப்புப் பொடி தெரியும். சீவிய முகம் பெரும்பாலும் முழுமையாகப் பொருந்துவதால் தேய்மானம் குறையும். கனமான தேக்குக் கதவுக்கு இதுவும் போதாது. அங்கே நைலான் வாஷரோ பேரிங்கோ இடையில் வேண்டும், அல்லது முழு நீளமாகச் சுருட்டிவிட்டுப் பிறகு மில்லிங் கட்டரால் நக்கிள் பிரிக்க வேண்டும். அது வேறு விலைக் கீல்.

அடிகளின் எண்ணிக்கை: தட்டை வேலை முழுவதும் லைனில் முடியும். மீதி நுனி வளைவு, கர்லிங், மாண்ட்ரல் என்று லீஃபுக்கு 3, அதாவது ஆயிரம் கீலுக்கு 6,000, ஷேவிங் 1,000. மொத்தம் 7,000 அடி, கிட்டத்தட்ட 11.7 மணி நேரம். தட்டை லீஃப் சீட்டுக்கட்டு போல அடுக்கும் என்பதால் ஷேவிங்குக்கும் நுனி வளைவுக்கும் மேகசின் வைத்து தள்ளுகோலால் ஊட்டலாம். கை டூலுக்குள் போகவே வேண்டாம். சுருட்டத் தொடங்கிய லீஃப் இப்படி அடுக்காது. அங்கே இரு கை பட்டனும் கார்டும் கட்டாயம்.

பணக் கணக்குக்கு சில விலைகளை வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையை அதே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஆளோடு சேர்த்து கை பிரஸ் மணிக்கு 200 ரூபாய், காயில் லைன் மணிக்கு 800. தகடு வாங்கும் விலைக்கும் கழிவு விற்கும் விலைக்கும் வித்தியாசம் எம்எஸ்ஸில் கிலோவுக்கு 30, எஸ்எஸ் 304-இல் 110. பிரஸ் வேலைச் செலவு கீலுக்கு ஸ்டேஜ் டூலில் 4 ரூபாய், புரோகிரசிவில் 45 காசு, நடு வழியில் 2.78 வரும். வேலையில் மட்டும் பார்த்தால் புரோகிரசிவ் 3.55 மிச்சப்படுத்துகிறது, நடு வழி 1.22 மட்டுமே. ஆனால் நடு வழியில் 40 கிராம் தகடும் மிச்சம்: எம்எஸ்ஸில் 1.20, எஸ்எஸ்ஸில் 4.40. ஆக நடு வழியின் மொத்த மிச்சம் எம்எஸ்ஸில் 2.42, எஸ்எஸ்ஸில் 5.62. புரோகிரசிவில் ஸ்ட்ரிப்பைத் தாங்கும் நடுப்பட்டைக்குப் போகும் தகட்டை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் அதன் மிச்சம் இன்னும் குறையும்.

எனவே ஒரே அளவில், ஒரே கனத்தில் எம்எஸ் கீலை லட்சக்கணக்கில் ஓட்டுபவருக்கு முழு புரோகிரசிவ் சரியான முடிவு. டிராயிங் தரக் காயிலும், கர்லிங் ஸ்டேஷனுக்குத் தனி உயர ஏற்பாடும் இருக்க வேண்டும். எஸ்எஸ் கீல் செய்பவருக்கு நடு வழியை விட்டு வேறெதுவும் பொருந்தாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. பொருள் விலையிலும், கீறலிலும், கர்லிங் பிளாக் தேய்மானத்திலும் அதுவே முந்துகிறது. பல ரகம், குறைந்த எண்ணிக்கை என்றால் ஸ்டேஜ் டூல். ஸ்டேஜ் டூலுக்கு மேல் ஆகும் கூடுதல் முதலீட்டைக் கீலுக்கு வரும் மிச்சத்தால் வகுத்தால் எத்தனை கீலில் பணம் திரும்பும் என்று தெரியும். உதாரணமாக டையும் லைனும் சேர்த்து 12 லட்சம் கூடுதல் என்றால் எம்எஸ் புரோகிரசிவில் 3.4 லட்சம் கீல். ஆர்டர் புத்தகத்தில் ஒன்றரை ஆண்டுக்குள் அத்தனை கீல் இல்லையென்றால் காத்திருப்பது நல்லது.

எந்த வழியாக இருந்தாலும் மாறாத சில வேலைகள் உண்டு. கவுண்டர்சிங்கை பிரஸ்ஸில் அடித்தால் உலோகம் துளைக்குள் தள்ளப்படும். எனவே சிறிய துளை குத்தி, 90 டிகிரி கூம்பு அடித்து, மறுபடி சரியான அளவில் துளை குத்த வேண்டும். ஸ்டேஜ் டூலில் இரண்டாவது குத்தலைக் கூம்பு அடிக்கும் பஞ்சின் நுனியிலேயே சேர்த்துவிடலாம். 2 மி.மீ. தகட்டில் 8-ஆம் நம்பர் திருகுத் தலைக்கு இடம் நூலிழையில்தான் போதும். கூம்பு கொஞ்சம் ஆழம் குறைந்தாலும் தலை துருத்தி, கீல் முழுவதும் மூடாது. ஜிங்க் முலாம் பின் போடுவதற்கு முன்பே நடக்க வேண்டும். சேர்த்த பிறகு பூசினால் அமிலமும் முலாம் நீரும் நக்கிளுக்குள் தங்கி, பெட்டியில் இருக்கும்போதே வெள்ளைத் துரு கசியும். எஸ்எஸ் 304 என்று வாங்கும் காயிலைக் காந்தம் வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. இன்னொரு எஸ்எஸ் ரகமான 202-வும் காந்தத்தில் ஒட்டாது. அசல் 304-கூட சுருட்டிய இடத்தில் லேசாக ஒட்டும். நிக்கல் அளவைப் பார்க்க வேண்டும்: 304-இல் குறைந்தது 8 சதவீதம், 202-இல் 4 முதல் 6. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களுக்குப் போகும் சரக்கென்றால் ஸ்பெக்ட்ரோ (உலோகக் கலவை) சோதனைச் சான்றிதழ் இல்லாமல் காயிலை இறக்கவே வேண்டாம்.

டூல்ரூமுக்குக் கொடுக்கும் பர்சேஸ் ஆர்டரில் டெலிவரி நிபந்தனையை இப்படி எழுதலாம்: நாங்கள் அனுப்பும் இரண்டு வெவ்வேறு காயிலில், ஒன்று கனத்தில் மேல் எல்லை, ஒன்று கீழ் எல்லை, தலா 500 ஜோடி தொடர்ந்து ஓட்டிக் காட்ட வேண்டும். ஒவ்வொரு 50-ஆவது ஜோடியிலும் 5.10 மி.மீ. சோதனைப் பின் (கேஜ் பின்) கையால் நுழைய வேண்டும், 5.25 மி.மீ. பின் நுழையக் கூடாது. கீலை மூடினால் இரு லீஃபின் ஓரமும் 0.3 மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும். நக்கிளின் வெளிப்பக்கத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் கீறல் இருக்கக் கூடாது. கடைசித் தவணைப் பணம் இதற்குப் பிறகுதான்.